வாசற்படியில் பிரச்சாரம்

பிரச்சாரம் என்ற சொல்லை நாம் வெகுகாலமாக வசைச் சொல்லாகவே உபயோகித்து வருகிறோம். ஒரு கவிதையோ நாவலோ பிடிக்கவில்லையென்றால் 'பிரச்சாரம்' என்று ஒதுக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடலாம். இதில் எனக்கும் பங்குண்டு. பழக்கத்துக்கு நியாயமான காரணங்களும் இல்லாமலில்லை. மேடைப் பேச்சிலேயே வளர்ந்த நம் சூழலில், ஒலிபெருக்கியின் தொண்டைக்கு ஏற்பச் சொற்கள் வீங்கிப்போனதைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் சன்னமான குரலைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் இந்த வசையில் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது. இன்னொருவர் மனத்தை மாற்றுவது என்ற காரியம் உண்மையில் எப்படி நடக்கிறது, சொல் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டிய சிரமத்திலிருந்து அது நம்மை விடுவித்துவிடுகிறது.

அந்தச் சிரமத்தைச் சற்று எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் ஒருபால் திருமண உரிமையைப் பெறவும், பெற்றதைப் பறிகொடுக்காமல் இருக்கவும் நடந்த பிரச்சாரங்களே விஷயம். பெரும்பாலும் இது தோல்விகளின் சரித்திரம். தோற்றவர்கள் தாங்கள் உபயோகித்த சொற்களைத் தாங்களே சந்தேகித்தார்கள் என்பதுதான் என்னை இதன்பால் இழுத்தது. தோற்ற பிறகு மக்களைத் திட்டுவது எளிது. தன் வாக்கியத்தைத் திரும்பிப் பார்ப்பது எழுதுகிறவர்களிடையேகூட அபூர்வம்.

முதலில் நம் சொல்லைப் பற்றி. 'ஓரினச்சேர்க்கை' என்ற பதம்தான் தமிழில் நெடுங்காலம் புழங்கிற்று. அது ஆளைச் சொல்வதில்லை. ஒரு செய்கையை மட்டும் சொல்லி ஆளை அதற்குள் அடைத்துவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வற்புறுத்தலுக்குப் பிறகு 2022-இல் தமிழக அரசு இவர்களைக் குறிக்கும் சொற்களுக்கென்றே ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நான் இங்கே தன்பாலீர்ப்பாளர் என்று எழுதுகிறேன். காதில் இன்னும் முழுசாகப் பொருந்தவில்லை. பழகும்.

அமெரிக்காவில் திருமணச் சட்டம் மாநிலங்களின் கையில் இருக்கிறது. பல மாநிலங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. குறித்த அளவு கையெழுத்துக்களைச் சேர்த்துவிட்டால் ஒரு சட்டத்தை, சில இடங்களில் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு விதியையே, நேராக மக்கள் ஓட்டுக்கு விட்டுவிடலாம். ஜனநாயகத்தின் தூய வடிவம் என்று இதைப் போற்றுபவர்கள் உண்டு. சிறுபான்மையாக இருப்பவனுக்கு இதன் அர்த்தம் வேறு. நீதிமன்றமோ சட்டமன்றமோ அவனுக்குத் தந்ததை, அடுத்த வீட்டுக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிற வழியில் நின்று பறித்துவிட முடியும். 1998-இல் ஹவாயிலும் அலாஸ்காவிலும் இது நடந்தது. 2004 நவம்பர் 2 அன்று ஒரே நாளில் பதினொரு மாநிலங்கள் ஒருபால் திருமணத்துக்கு எதிராகத் தங்கள் அரசியல் சட்டத்தைத் திருத்தின. 2012 நவம்பர் வரை, இந்தப் பிரச்னை மக்கள் ஓட்டுக்குப் போன முப்பதுக்கும் மேற்பட்ட தடவைகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தன்பாலீர்ப்பாளர்கள் தோற்றார்கள்.

ஆனால் கதை திருமணத்தில் ஆரம்பிக்கவில்லை. 1977-இல் மயாமியில் ஆரம்பிக்கிறது. மயாமியை உள்ளடக்கிய டேட் கவுண்டி அந்த ஜனவரியில் ஒரு விதி கொண்டுவந்தது. வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பாலீர்ப்பாளர் என்ற காரணத்துக்காக ஒருவரை ஒதுக்கக்கூடாது என்பதே அதன் சாரம். ஆரஞ்சுப் பழச்சாறு விளம்பரத்தால் நாடறிந்த பாடகி அனிடா பிரையன்ட் அதை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டினார். ஜூன் 7 அன்று ஏறத்தாழ எழுபது சதவீத ஓட்டுக்களுடன் விதி ரத்தாயிற்று. அவர் ஆரம்பித்த அமைப்பின் பெயர் 'நம் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்' என்பது. அந்தப் பெயரை ஒரு விமர்சகனாக நின்று பார்த்தால், எதிரணியின் முப்பது வருஷத்து வெற்றி அதற்குள் சுருண்டு கிடப்பது தெரியும். விவகாரம் வேலையும் வாடகையும்; பெயரிலோ இவை எதுவும் இல்லை. குழந்தை இருக்கிறது. அதற்கு ஏதோ ஆபத்து இருக்கிறது. என்ன ஆபத்து என்று சொல்லாததால் ஒவ்வொரு தாயும் தகப்பனும் தன் பயத்தைக் கொண்டு அதை நிரப்பிக்கொள்ள முடிந்தது. சொல்லாமல் விடுவதன் சக்தி கவிஞர்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல.

அடுத்த வருஷம் கலிபோர்னியாவில் ஜான் பிரிக்ஸ் என்ற மாநில செனட்டர் ஆறாம் பிரேரணையைக் கொண்டுவந்தார். தன்பாலீர்ப்பாளர்களும் அவர்களை ஆதரித்துப் பேசுபவர்களும் அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களாக இருக்கக்கூடாது என்றது அது. மறுபடியும் குழந்தைகள். எதிர்த்தவர்களிடையே இரண்டு போக்குகள் இருந்தன. அடக்கி வாசிக்கலாம், தனிமனித சுதந்திரம், அரசின் தலையீடு, செலவு என்று பேசலாம், நாம் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்றார்கள் மிதவாதிகள். சான்பிரான்சிஸ்கோ நகரசபையில் உறுப்பினராகியிருந்த ஹார்வி மில்க் நேர்மாறாகச் சொன்னார். அவரவர் தம் பெற்றோரிடம், சக ஊழியரிடம், அண்டை வீட்டாரிடம் 'நான்தான் அது' என்று போய்ச் சொல்லுங்கள் என்றார். இரண்டும் நடந்தன. ரொனால்ட் ரீகன் அந்தப் பிரேரணையை எதிர்த்ததும் ஒரு முக்கிய காரணம். மில்க்கின் பக்தர்கள் இதைச் சொல்வதில்லை. நவம்பர் 7 அன்று 58 சதவீதம் பேர் பிரேரணையை நிராகரித்தார்கள். மூன்று வாரத்துக்குள், நவம்பர் 27 அன்று, மில்க் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிறகு எய்ட்ஸ் வந்தது. அந்த வருஷங்களை ஒரு வாக்கியத்தில் தாண்டிப் போவது சரியல்ல என்று தெரிந்தேதான் தாண்டுகிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கையருகே அனுமதிக்கப்படாமல், வாடகை வீடு தன் பெயரில் இல்லாமல், சாவுச் சடங்கில் நிற்க இடமில்லாமல் போன ஆயிரக்கணக்கானவர்களின் அனுபவத்திலிருந்துதான் திருமணம் என்ற கோரிக்கை வெறும் சட்ட நுணுக்கமாக இல்லாமல் ரத்தமும் சதையுமாயிற்று. 1983-இல் ஹார்வர்டில் இதைப் பற்றி ஓர் ஆய்வேட்டை எழுதிய ஈவன் வுல்ஃப்சன் என்ற சட்ட மாணவர் பின்னால் இந்த இயக்கத்தின் முக்கிய மூளையானார். இயக்கத்துக்குள்ளேயே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. 1989-இல் பாலா எட்டல்ப்ரிக் என்ற வழக்கறிஞர், திருமணம் எப்போதிலிருந்து விடுதலைக்கு வழியாயிற்று என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கேள்வியை நினைவில் வைத்திருப்போம்.

2003 நவம்பரில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அனுமதித்தது. 2004 மே 17 முதல் அங்கே கல்யாணங்கள் நடந்தன. இதை மக்கள் ஓட்டுக்கு விட எதிரணி கையெழுத்துச் சேர்த்தது. ஆனால் அம்மாநில முறைப்படி சட்டமன்றத்தின் அடுத்தடுத்த இரு பதவிக் காலங்களில் ஐம்பது உறுப்பினர்களாவது ஆதரித்தால்தான் அது ஓட்டுக்குப் போகும். எனவே பிரச்சாரம் உறுப்பினர்களை நோக்கித் திரும்பியது. மணமுடித்தவர்கள் தத்தம் தொகுதி உறுப்பினரைத் தங்கள் வீட்டுக்கே அழைத்துப் பேசினார்கள். 2007 ஜூன் 14 அன்று திருத்தத்துக்கு 45 ஓட்டுக்களே கிடைத்தன, எதிர்த்து 151. கடைசி நேரத்தில் மனம் மாறியவர்களில் ஒருவரான செனட்டர் கேல் கண்டாரஸ் தம் தொகுதியைச் சேர்ந்த ஒரு வயதான பெண்மணியைப் பற்றிச் சொன்னார். அந்த அம்மாள் முதலில் திருத்தத்தை ஆதரிக்கும்படி கேட்டவர். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒரு ஜோடி குடிவந்தது. அவர்கள் அம்மாளின் புல்தரையைப் பராமரிக்க ஒத்தாசை செய்தார்கள். திருமணம் இல்லையென்று ஆகிவிட்டால் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்களே, அப்புறம் புல்தரையை யார் பார்ப்பது என்பது அம்மாளின் கவலை. அரசியல் தத்துவம் படித்தவர்களுக்கு இந்தக் காரணம் அற்பமாகப் படும். எனக்கு அப்படிப் படவில்லை. உரிமை, சமத்துவம் என்ற சொற்கள் அந்த அம்மாளின் வீட்டுக்குள் எந்த வடிவத்தில் நுழைய முடியுமோ அந்த வடிவத்தில்தான் நுழைந்திருக்கின்றன.

இந்தப் பாடம் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேரவில்லை. 2008 மே 15 அன்று அம்மாநில உச்ச நீதிமன்றம் ஒருபால் திருமணத்தை அனுமதித்தது. ஜூன் மத்தியிலிருந்து நவம்பர் 4 வரை சுமார் 18,000 ஜோடிகள் மணம் புரிந்துகொண்டார்கள். அந்த நவம்பர் 4 அன்றுதான் எட்டாம் பிரேரணை ஓட்டுக்கு வந்தது. ஆங்கிலத்தில் மொத்தம் பதினான்கே சொற்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணம் மட்டுமே கலிபோர்னியாவில் செல்லும் என்பது பொருள். இரு தரப்பும் சேர்ந்து எட்டுக் கோடி டாலருக்கும் மேல் செலவழித்தார்கள்.

எதிரணியின் விளம்பரத்தில் ஒரு சிறுமி பள்ளியிலிருந்து ஓடிவந்து தாயிடம் ஒரு புத்தகத்தைக் காட்டுகிறாள். இளவரசன் இளவரசனையே மணந்துகொள்ளலாம் என்று இன்று படித்தேன், நானும் ஒரு இளவரசியை மணந்துகொள்ளலாம் என்கிறாள். தாயின் முகம் மாறுகிறது. அவ்வளவுதான். 1977-இன் அதே குழந்தை, முப்பது வருஷம் கழித்தும் வயது ஏறாமல் வந்து நின்றது. உரிமையைக் காக்க வந்தவர்கள் இதற்கு உடனே பதில் சொல்லவில்லை. தாமதித்துச் சொன்னபோது, மாநிலக் கல்வித்துறைத் தலைவரைக் கொண்டு, இந்தப் பிரேரணைக்கும் பள்ளிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லவைத்தார்கள். பயத்துக்கு ஓர் அதிகாரியின் மறுப்பறிக்கை! அவர்களுடைய சொந்த விளம்பரங்களோ 'நியாயமற்றது, தவறு' என்று பேசின. திருமணத்தைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் எதுவானாலும் பாரபட்சம் காட்டாதீர்கள் என்றன. மகளுக்காகப் பேசிய வயதான பெற்றோர் திரையில் வந்தார்கள். கல்யாணம் செய்துகொண்ட இரு பெண்களோ இரு ஆண்களோ அநேகமாக வரவில்லை. பார்ப்பவர்கள் முகம் சுளித்துவிடுவார்கள் என்று பயந்து, யாருக்காகப் பேசினார்களோ அவர்களையே மறைத்துவைத்துப் பேசினார்கள். 1978-இன் மிதவாதிகள் சொன்ன அதே யோசனை. எதிர்த்துச் சொல்ல இப்போது மில்க் இல்லை.

ஏறக்குறைய ஆறு லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்கள். 52 சதவீதத்துக்குச் சற்று மேல் எதிரணிக்கு. அதே நாளில்தான் ஒபாமா ஜெயித்தார். சான்பிரான்சிஸ்கோ தெருக்களில் ஒரே இரவில் கொண்டாட்டமும் அழுகையும் இருந்தன.

இந்த வெற்றியை நடத்திக்கொடுத்த விளம்பர ஆலோசகர் ஃபிராங்க் ஷூபர்ட் அடுத்த வருஷம் நாட்டின் மறுகோடியிலுள்ள மெய்ன் மாநிலத்துக்கு அழைக்கப்பட்டார். பதின்மூன்று லட்சம் ஜனங்கள், காடு, கடற்கரை, நண்டு பிடிப்பவர்கள், நீண்ட பனிக்காலம். 2009 மே 6 அன்று கவர்னர் ஜான் பால்டாச்சி அங்கே ஒருபால் திருமணச் சட்டத்தில் கையெழுத்திட்டார். முன்னால் அதை எதிர்த்தவர் அவர். சட்டமன்ற விசாரணையில் ஒரு முதியவர் பேசியது நாடெங்கும் பரவியது. வயது 86. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கடற்கரையில் சண்டையிட்டவர். வாழ்நாள் முழுக்க ரிபப்ளிக்கன் கட்சிக்காரர். நான்கு மகன்களில் ஒருவன் தன்பாலீர்ப்பாளன். ஓட்டுச் சாவடி அருகில் ஒரு பெண் அவரிடம் இவர்களுக்குச் சமத்துவம் வேண்டுமென்று நம்புகிறீர்களா என்று கேட்டபோது, பின் எதற்காக நான் அங்கே சண்டை போட்டேன் என்று நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டதை அவர் சொன்னார். தயாரித்த பேச்சின் மினுக்கு எதுவும் இல்லை. கேட்டவர்கள் பலர் அழுதார்கள்.

ஆனாலும் தோற்றார்கள். சட்டம் அமலுக்கு வருமுன்பே கையெழுத்துச் சேர்த்து அதை நிறுத்திவைத்து, நவம்பர் 3 அன்று 53-க்கு 47 என்று ரத்து செய்துவிட்டார்கள். பள்ளி, குழந்தை என்ற அதே விளம்பரம், கலிபோர்னியாவிலிருந்து பெட்டியோடு வந்திறங்கியதுபோல. இம்முறை சோம்பலைக் குற்றம் சொல்ல முடியாது. தொண்டர்கள் திரண்டார்கள், பணம் இருந்தது, தங்களுக்குச் சாதகமான ஓட்டுக்களைச் சாவடிக்குக் கொண்டுவரும் யந்திரம் நன்றாகவே ஓடியது. எல்லாம் செய்தும் தோற்றபோதுதான் கேள்வி கூர்மையாயிற்று. நம் பக்கம் இருப்பவர்களை அழைத்துவருவது வேறு, நம் பக்கம் இல்லாதவரிடம் பேசுவது வேறு. இரண்டாவதை யாரும் செய்யவேயில்லை. அது எப்படிச் செய்வது என்று யாருக்கும் தெரியவும் இல்லை.

இங்கே நடந்த காரியம்தான் எனக்கு இந்தச் சரித்திரத்தின் மையமாகப் படுகிறது. லாஸ் ஏஞ்சலஸில் டேவிட் ஃப்ளைஷர் என்பவரின் தலைமையில் ஒரு கூட்டம், எட்டாம் பிரேரணைக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட பகுதிகளைத் தேடிப் போய் வீடுவீடாகக் கதவைத் தட்டியது. ஜெயித்தவர்களிடம் போய், ஏன் அப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். தங்கள் கல்யாணத்தை ரத்து செய்தவர் வீட்டு வாசலில், மன்னிப்புக் கேட்கவைக்க அல்ல, தெரிந்துகொள்ள நிற்பது. இதை என்னால் செய்ய முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது. மெய்னிலும் 2010 முதல் தொண்டர்கள் இதே வேலையில் இறங்கினார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் வாதம்தான் செய்தார்கள். புள்ளிவிவரம், சட்டம், நியாயம். கேட்டவர் தலையாட்டினார், மாறவில்லை. சிறிது சிறிதாக, பேச்சைப் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு முறையைக் கண்டடைந்தார்கள். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பது. ஐந்து என்றால், ஏன் ஐந்து என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. பதில் எத்தனை முரடாக இருந்தாலும் முகத்தைச் சுளிக்காமல் இருப்பது. பிறகு அவருடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்பது. அவர் தம் மனைவி இறந்ததைச் சொல்வார். அல்லது மருமகன் ஒருவன் வீட்டைவிட்டுப் போனதைச் சொல்வார். அப்போது வந்தவர் தன் கதையைச் சொல்வார், இரண்டு நிமிஷத்துக்குள். மறுபடியும் எண் கேட்பது. சில சமயம் அது ஆறாகியிருக்கும். பல சமயம் அதே ஐந்துதான்.

இதே காலத்தில் வேறோர் ஆராய்ச்சியும் வெளிவந்தது. உங்களைப் போன்றவர்கள் எதற்காகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்று கேட்டால் ஜனங்கள் அன்பு, ஒருவருக்கொருவர் கட்டுப்பட்டிருப்பது என்று சொன்னார்கள். தன்பாலீர்ப்பாளர்கள் எதற்காகச் செய்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேட்டால், உரிமை, சலுகை, இன்ஷூரன்ஸ் என்றார்கள். அல்லது தெரியாது என்றார்கள். இதை யார் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? பிரச்சாரகர்களேதான். ஆஸ்பத்திரி அனுமதி, வரி, வாரிசுரிமை என்று பத்து வருஷமாகப் பட்டியல் வாசித்து, தங்கள் கல்யாணம் வேறு ஜாதிக் கல்யாணம், கணக்குப் பார்த்துச் செய்யும் கல்யாணம் என்று கேட்டவர் மனத்தில் தாங்களே பதியவைத்திருந்தார்கள்.

பட்டியல் பொய்யல்ல. வங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது நன்றாகவே தெரியும். நியமனதாரர் படிவத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒருமுறை ஒரு பெண் அந்த இடத்துக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டு வெகுநேரம் யோசித்து, 'சிநேகிதி' என்று எழுதினாள். பக்கத்தில் நின்றிருந்த இன்னொரு பெண் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். இப்படிப்பட்டவர்கள் கூட்டுக் கணக்குத் திறக்கவும் ஒருவரையொருவர் நியமிக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. திருமணமோ நம் உச்ச நீதிமன்றத்தில் 2023 அக்டோபர் 17 அன்று மறுக்கப்பட்டு, சட்டமியற்றுவோர் பாடு என்று விடப்பட்டது. ஆக, பணத்துக்கு வழி பிறந்துவிட்டது, கட்டத்தில் எழுத வேண்டிய சொல்லுக்குத்தான் இல்லை. அந்தப் பெண் யோசித்தது பணத்தைப் பற்றியல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.

மெய்ன்காரர்கள் 2012-இல் மறுபடி ஓட்டுக்குப் போனார்கள். இம்முறை தாங்களே கையெழுத்துச் சேர்த்து, தாங்களே கேள்வியை முன்வைத்து. டெலிவிஷனில் நான்கு தலைமுறைக் குடும்பம் ஒன்று சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் பேத்தியைப் பற்றிப் பேசியது. தீயணைப்புப் படையினர் வந்தார்கள், தம் சகாவைப் பற்றிச் சொன்னார்கள். நவம்பர் 6 அன்று ஏறக்குறைய 53 சதவீதம் ஆதரவு. அதே நாளில் மேரிலாந்தும் வாஷிங்டன் மாநிலமும் ஆதரித்தன. மினசோட்டா தடைத் திருத்தத்தை நிராகரித்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தோல்விகளுக்குப் பின் ஒரே இரவில் நான்கு.

வாசற்படிப் பேச்சுத்தான் இதைச் சாதித்தது என்று சொல்லிவிட நான் தயாரில்லை. நாட்டின் மனமே மாறிக்கொண்டிருந்தது. காலப் கருத்துக்கணிப்பில் 1996-இல் 27 சதவீதமாக இருந்த ஆதரவு 2011-இல் முதல் தடவையாகப் பாதியைத் தாண்டியிருந்தது. அந்த மே மாதம் ஒபாமா வெளிப்படையாக ஆதரித்தார். ஜனாதிபதித் தேர்தல் வருஷம், இளைஞர்கள் திரளாக ஓட்டுப் போட வந்தார்கள்.

வெற்றிக்குக் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் வந்தவர்கள் யார்? பாட்டிமார்கள், போர் வீரர்கள், தீயணைப்பவர்கள், பல வருஷம் ஒன்றாக வாழ்ந்து தோட்டம் போட்ட ஜோடிகள். தனியாக இருப்பவன், கல்யாணமே வேண்டாம் என்பவள், குடும்பத்தால் துரத்தப்பட்டவன், மேஜையைச் சுற்றி நான்கு தலைமுறை இல்லாதவன் ஆகியோருக்குச் சட்டகத்தில் இடமில்லை. எட்டல்ப்ரிக்கின் கேள்வி இதுதான். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடித்த மாதிரி இருந்தால்தான் எனக்கு உரிமையா? புல்தரை வெட்டிக் கொடுக்காதவனுக்கு? அன்பு என்ற சொல் வாசலைத் திறந்தது உண்மை. அந்த வாசலுக்கு ஓர் உயரம் உண்டு, குனிந்துதான் போகவேண்டியிருந்தது என்பதும் உண்மை. இதை மறைத்து எழுதுகிற வெற்றிச் சரித்திரங்கள் எனக்கு அலுப்பூட்டுகின்றன.

இனி ஒரு விபரீதமான அத்தியாயம். 2014 டிசம்பரில் 'சயின்ஸ்' பத்திரிகையில் ஓர் ஆய்வு வந்தது. மைக்கேல் லக்கூர் என்ற ஆராய்ச்சி மாணவரும் டொனால்ட் கிரீன் என்ற பேராசிரியரும் எழுதியது. லாஸ் ஏஞ்சலஸ் தொண்டர்கள் வாசலில் இருபது நிமிஷம் பேசினால் ஒருபால் திருமணம் பற்றிய அபிப்பிராயம் மாறுகிறது. பேசுபவர் தன்பாலீர்ப்பாளராக இருந்தால் மட்டும் அந்த மாற்றம் மாதக்கணக்கில் நிலைக்கிறது என்றது. எல்லோரும் கொண்டாடினார்கள். டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரு இளம் ஆய்வாளர்கள் இதே முறையைப் பின்பற்றித் தாங்களும் ஓர் ஆய்வு செய்ய முனைந்தபோது எண்கள் இடித்தன. கணக்கெடுப்பு நடத்தியதாகச் சொல்லப்பட்ட நிறுவனம் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. மூலத் தரவைக் காட்ட முடியவில்லை. கிரீனே கேட்டுக்கொள்ள, 2015 மே மாதம் பத்திரிகை கட்டுரையைத் திரும்பப் பெற்றது. தொண்டர்கள் போனது நிஜம், பேசியது நிஜம். அதன் பலன் என்று காட்டப்பட்ட எண்களுக்கு ஆதாரமில்லை.

பொய்யைக் கண்டுபிடித்த அந்த இருவரே நிஜ ஆய்வைச் செய்து முடித்தார்கள். அவர்கள் செய்தது மயாமியில். 1977-இல் எல்லாம் ஆரம்பித்த அதே ஊரில். இம்முறை விவகாரம் திருநர்கள். 56 பேர் 501 வாக்காளர்களின் கதவைத் தட்டினார்கள். சுமார் பத்து நிமிஷப் பேச்சு. வெறுப்பு குறைந்தது, குறைந்தது மூன்று மாதமாவது அப்படியே நின்றது. 2016-இல் அதே 'சயின்ஸ்' பத்திரிகை இதை வெளியிட்டது. ஒரு வித்தியாசம். கதவைத் தட்டியவர் திருநராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலன் இருந்தது. பாதிக்கப்பட்டவன் நேரில் வந்து நின்றால்தான் கல் கரையும் என்று திரும்பப் பெற்ற ஆய்வு சொன்ன முடிவு எவ்வளவு அழகான முடிவு! சிறுகதையின் கடைசி வரிபோல இருந்தது. அதனாலேயே யாரும் சந்தேகிக்கவில்லை போலிருக்கிறது. நிஜம் அத்தனை அழகாக இல்லை. யார் போனாலும் சரி, கேட்கத் தெரிந்திருந்தால் போதும் என்று அது சொன்னது. 2020-இல் அவர்களே வெளியிட்ட வேறு ஆய்வுகளில், வாதங்களை மட்டும் எடுத்துச் சொன்னபோது ஒரு மாற்றமும் இல்லை. குற்றம் காணாமல் ஒருவர் கதையை ஒருவர் கேட்டுக்கொண்டபோதுதான் இருந்தது. அதுவும் பெரிய மாற்றமல்ல. சிறிது.

பிரச்சாரம் என்றால் சொல்வது என்றே எடுத்துக்கொண்டுதான் நாம் இத்தனை நாளும் அதைப் பழித்தோம், அல்லது ஆதரித்தோம். முற்போக்கு அணியோடு நாம் போட்ட சண்டைகளில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் இதுதான் என்று இப்போது படுகிறது. அவர்கள் உரத்துச் சொன்னார்கள், நாம் மெதுவாகச் சொன்னோம். கேட்பவன் எதிரே இருக்கிறானா என்று இரு தரப்பும் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற அந்தத் தொண்டர்களைக் கலைஞர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கையில் எண் அட்டையும் இரவுக்குள் முடிக்கவேண்டிய தெருவும் இருந்தன. ஆனால் ஒருவர் தன் மனைவி இறந்ததைச் சொல்லத் தொடங்கும்போது குறுக்கே பேசாமல் நிற்கத் தெரிந்திருந்தது.

கலிபோர்னியாவின் பதினான்கு சொற்களை ஒரு நீதிபதி 2010-இல் செல்லாதென்றார். 2013 ஜூனில் அங்கே கல்யாணங்கள் மீண்டும் தொடங்கின. 2015 ஜூன் 26 அன்று நாடு முழுவதற்கும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அந்தச் சொற்கள் உயிரில்லாமல் மாநில அரசியல் சட்டப் புத்தகத்தில் அச்சாகிக்கொண்டே இருந்தன. 2022-இல் கருக்கலைப்புத் தீர்ப்பில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், திருமணத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று எழுதியபோது, அந்தச் சொற்களுக்கு உயிர் திரும்பக்கூடும் என்ற பயம் வந்தது. 2024 நவம்பர் 5 அன்று மறுபடி மக்கள் ஓட்டு. இம்முறை இளவரசி விளம்பரம் இல்லை. எதிர்த்துப் பெரும் பணம் எதுவும் செலவிடப்படவுமில்லை. 62 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆதரிக்க, பதினான்கு சொற்களும் நீக்கப்பட்டன. அவை இருந்த இடத்தில், திருமணம் செய்துகொள்வது ஓர் அடிப்படை உரிமை என்று எழுதினார்கள். அன்பு என்றல்ல. உரிமை என்று, வாசற்படியில் எடுபடவில்லை என்று ஒதுக்கிவைத்த அதே சொல்லை.